ஞாயிறு மட்டும் இரண்டு

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
17-6-2009

அன்புள்ள சுப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை மாதவனும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அந்த மெல்போர்ன் குளிரில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பியிருக்கிறேன். இங்கே நான் சுகம். நாங்கள் இருவரும் சுகம் என்றே எழுதிப் பழகிவிட்டது, இன்றைக்கு அப்படி எழுத மனசு வரவில்லை. பயப்படாதே, அம்மா உயிருக்கு ஒன்றும் இல்லை, நடமாடிக்கொண்டுதான் இருக்கிறாள். போனில் சொன்னால் அவள் காதில் விழும், கம்ப்யூட்டரில் உன்னைப் பார்க்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், அதனால்தான் கம்பெனி கேண்டீனில் உட்கார்ந்து தபால் எழுதுகிறேன். கம்பெனியிலும் ஆர்டர் குறைந்து போய் பாதி மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டார்கள், எழுத நேரத்துக்குப் பஞ்சமில்லை.

அம்மாவின் முடக்குவாதத்துக்குப் பார்க்கிற பெங்களூர் டாக்டர் ஒரு போன் புரோகிராம் கொடுத்திருக்கிறார் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. மாத்திரை எழுதுகிற சீட்டிலேயே, தினமும் காலையில் ஒரு தடவை என்று அதையும் மருந்து மாதிரி எழுதினார். நீ விட்டுப்போன பழைய போனில் ஏற்றித் தந்தார்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எத்தனை, விரல் மடங்காமல் விறைத்துப்போய் எவ்வளவு நேரம் இருந்தது, மாத்திரை போட்டாயிற்றா என்று காலையில் அது கேட்கும், பதில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். உன் அம்மா விரல் நுனியால் அழுத்த முடியாமல் மடங்கிய முட்டியால் அழுத்துவாள். எத்தனை போட்டாய் என்று கேட்டால் அது எனக்கும் டாக்டருக்கும் உள்ளது, நீங்கள் டீயைக் குடியுங்கள் என்பாள். நானும் டீயைக் குடித்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விடுவேன்.

போன வாரம் செக்கப்புக்குப் போனபோது டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். மற்ற நாளெல்லாம் ஏழு, எட்டு. ஞாயிறு மட்டும் இரண்டு. ஒரு வாரம் அல்ல, எல்லா வாரமும். வீட்டில் என்னிடம் பரவாயில்லை என்பதைத் தவிர அவள் வேறு சொன்னதில்லை. டாக்டர் கன்னடமும் தமிழும் கலந்து, ஞாயித்துக்கிழமை அப்படி என்னம்மா பண்றீங்க, அதையே டெய்லி பண்ணுங்க என்றார். நான் பெருமையாக, ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போவேன் சார், மகளைப் பார்ப்பாள் என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அம்மா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரத்தப் பரிசோதனை வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ரத்தம் பாதியாகக் குறைந்திருக்கிறது, வயிற்றில் புண். டாக்டர் அழுத்திக் கேட்டதும் சொன்னாள். சனிக்கிழமை மாலையிலிருந்தே ஸ்டீராய்டையும் வலி மாத்திரையையும் அள்ளிப் போட்டுக்கொள்வாளாம். பக்கத்து வீட்டு ரங்கம்மா ஜூஜுவாடிப் பக்கம் வேலைக்குப் போகிறாளே, அவளிடம் சொல்லி அங்கே மெடிக்கலில் வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள். நீ ஒவ்வொரு ஞாயிறும் அம்மா கையைக் காட்டு, மடக்கிக் காட்டு என்பாய் இல்லையா, அதற்காக. இவளும் கேமரா முன்னால் மடக்கி விரித்து, பாத்தியா, எல்லாம் நல்லா மடங்குது, புள்ளைய நான் வந்து பாத்துக்கறேன் என்பாள். நீ அக்கறையில்தான் கேட்டாய், உன்மேல் ஒரு தப்பும் இல்லை, அதை நினைத்து நீ அழக்கூடாது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்து நானும்தான் ஏமாந்தேன்.

விமானப் பயணம் இப்போதைக்குக் கூடாது, கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கேட்டால்தானே. அதற்குள் சரியாகிவிடும் என்கிறாள். பிரசவ மருந்துப் பொடியெல்லாம் இடித்தாயிற்று, என் வேட்டிகளில் பிள்ளைக்குத் துணி கிழித்தாயிற்று, கை வராமல் ரங்கம்மாவை விட்டுத்தான் கிழித்தாள். நேற்று நான் வீட்டுக்குப் போனபோது கூடமெல்லாம் அரிசி. மூன்று கிலோ அரிசிப் பையைத் துண்டில் சுற்றி, பிள்ளையை ஏந்துவது போல ஏந்தி நடந்து பார்த்திருக்கிறாள். நழுவிவிட்டது. ரங்கம்மாதான் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். அக்கா அரிசி கொட்டுச்சுன்னு அழுவலண்ணா என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

அதனால் அப்பா ஒன்று கேட்கிறேன். அம்மாவிடம் வர வேண்டாம் என்று நீதான் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா பிரசவத்துக்கு வருகிறார்கள், நீ பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் வா, அப்போது தூக்க வேண்டிய வேலை இல்லை என்று சொல். முடியவில்லை என்று அவள் வாயால் சொல்ல வைக்காதே, அது அவளால் ஆகாது. பெற்ற தாயை வேண்டாம் என்கிறாளே என்று உன்மேல் கோபப்படுவாள். என்மேல் கோபம் வந்தால் எனக்கு ரசத்தில் உப்பு இருக்காது, அவ்வளவுதான். உன்மேல் வந்தால் நாள் கணக்கில் பேசமாட்டாள். தாங்கிக்கொள் கண்ணு, உன்னைவிட்டால் வேறு யாரிடம் கேட்பேன்.

நீ தண்ணீர்க் குடம் மாதிரி எதையும் தூக்காதே, காலுக்கு சாக்ஸ் போடு, கீரை கிடைத்தால் விடாதே. தாயும் பிள்ளையும் வேறு வேறாகி நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், உங்கள் மூவருக்கும் என் ஆசீர்வாதம். நான் எழுதியது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், படித்ததும் கிழித்துவிடு. ஒன்று மட்டும் மறக்காதே, இனி கையைக் காட்டச் சொல்லாதே, முகத்தைப் பார்த்துப் பேசு. உனக்காக அவள் மாத்திரையை அள்ளிப் போட்டுக்கொள்ளாத ஒரு ஞாயிறு வரட்டும். அன்று காலையில் அந்தப் போன் கேட்கும்போது அவள் எட்டு என்று அழுத்தினால் எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ரத்தினவேல்