டாக்டர் மிட்டாய்0

மார்ச் 4
பிராணிகள் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். என்னை நிரந்தரம் ஆக்குவதா வேண்டாமா என்று 31ஆம் தேதி டாக்டர் சொல்வார். என் கைக்குழந்தை பாப்பா இன்று மூன்று முறை தும்மினாள். சளியா, தூசியா?

மார்ச் 9
தடுப்பூசிக் கடிதங்களைத் தானாக நிரப்ப, கணினியில் மேக்ரோ என்கிற குட்டி நிரல் எழுதினேன். மாதிரிக் கடிதத்தில் ப1 என்று இருக்கும் இடமெல்லாம் பிராணியின் பெயர் வந்து உட்காரும். ப2 வயது, ப3 ஊசி... ப9 வரை சோதித்துவிட்டேன். அதற்குள் குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன், பாப்பா அழுகிறாளாம். டாக்டர் பெயருக்கு ப10, வளர்ப்பவர் பெயருக்கு ப11 என்று சேர்த்துவிட்டு ஓடினேன்.
போய்ப் பார்த்தால் அழுதது வேறு குழந்தை.

மார்ச் 11
312 கடிதம், ஒரே அழுத்தில் போயாயிற்று.

மார்ச் 13
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கடிதத்தோடு வந்து நின்றார்.
"யாரும்மா இந்த டாக்டர் மிட்டாய்0?"
"சார், அது வந்து..."
"மிட்டாய் எங்க வீட்டுப் பூனை. எனக்கு 'அன்புள்ள மிட்டாய்1'னு போட்டிருக்கு. பூனைக்கு அடுத்தபடியா நானு?"
டாக்டர் வாங்கிப் படித்தார். "இத்தனை வருஷம் படிச்சு, கடைசில பூனைக்குப் பக்கத்துல ஒரு பூஜ்யம்" என்றார். சிரிக்கவில்லை.
வீட்டுக்காரர், "விடு, ஊரே சிரிச்சுட்டுப் போகுது" என்கிறார். ஊர் சிரிக்கும். வேலை போனா நான் சிரிப்பேனா? ஆறு மாசக் குழந்தையக் காப்பகத்துல விட்டுட்டு வந்தது இதுக்குத்தானா —

மார்ச் 14
பிடிபட்டது. பாப்பாவுக்குச் சட்டை மாட்டும்போது. மேக்ரோவுக்குப் படிக்கத் தெரியாது, தேடத்தான் தெரியும். ப11இல் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்ததுமே 'இதோ ப1' என்று பூனையைப் போட்டுவிட்டு, மிச்ச 1ஐ அப்படியே விட்டிருக்கிறது. ப10இலும் அதே கூத்து.
எல்லாவற்றையும் சதுர அடைப்புக்குள் பூட்டினேன். [ப1] இனி [ப11]க்குள் மூக்கை நுழைக்க முடியாது.

மார்ச் 16
திருத்திய கடிதம் 312ஐயும் கண்ணால் படித்த பிறகே அனுப்பினேன்.
"அப்புறம் மேக்ரோ எதுக்கு?" என்கிறார் வீட்டுக்காரர்.

மார்ச் 24
பாப்பாவுக்கு ஒரு பல். கடித்துக் காட்டினாள்.

மார்ச் 31
டாக்டர் அறைக்குக் கூப்பிட்டார். ஓர் உறையை நீட்டினார். பணி நிரந்தர உத்தரவு.
"இனிமே எல்லாக் கடிதமும் உங்க மேக்ரோலதாம்மா. இத மட்டும் கையால எழுதிட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க."