ஓரத்தில் விழும் வண்டி

மாப்ள,

போன் போட்டால் நீ எடுப்பதில்லை. அதனால் எழுதி, உன் புது ரூம் கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன்.

நாம் சேர்ந்து ஆரம்பித்த, சோலார் தகடு துடைக்கும் வண்டி இன்று லேபில் ஓடியது. ஆலத்தியூரில் எங்கள் மொட்டை மாடியில் ஆலையிலிருந்து வந்து படியும் சிமெண்ட் தூசியை அள்ளி வந்து சோலார் தகட்டில் கொட்டினேன். தண்ணீர் இல்லாமலே துடைத்துவிட்டது.

உன் புது டீமில் நீங்கள் மூன்று பேரும் திருச்சிக் கடையில் ரெடிமேடாக வாங்கிவந்த பிராஜெக்டில் பல்பு எரிகிறது, அவ்வளவுதான். அதற்கு சார், "நல்ல கிரியேட்டிவிட்டிப்பா" என்கிறார். என்னிடம், "ஏம்ப்பா, ஒனக்கு டீமே இல்லையா?" என்று கேட்டார்.

ரூமைக் காலி செய்தபோது, "நீ மெஷினோடயே குடும்பம் நடத்துடா" என்றாய். நடத்துகிறேன். மெஸ்ஸில் தனியாகச் சாப்பிட்டால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

ஒரே ஒரு கோளாறு. தகட்டின் ஓரத்துக்குப் போனதும் வண்டி கீழே விழுகிறது. அங்கே ஒருவன் நின்று பிடித்துத் திருப்பிவிட வேண்டும். அது நீ நின்ற இடம். சென்சார் வைத்தால் ஆளே வேண்டாம். வாங்கி வைத்துவிட்டேன், மாட்டப் பத்து நிமிடம் போதும்.

வெள்ளிக்கிழமை கடைசி ரெவ்யூ. இன்னும் மாட்டவில்லை.

பழைய ரூமிலேயே இருப்பவன்