ஜோடியில் ஒன்று

புரட்டாசி கடைசி ஞாயிறு, மல்லிப்பட்டினம்.

செய்தியாளனாக முப்பது வருடம் இந்தக் கரையைப் பற்றி எழுதியிருக்கிறேன். தண்ணீருக்குள் முகம் வைத்துப் பார்த்தது இன்றுதான். கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு, மீனவர்கள் பார் என்று சொல்லும் பவளத்திட்டின் மேல் குப்புற மிதந்தேன். இடுப்பளவு தண்ணீர், வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு மீன் வந்தது. வெள்ளை உடம்பில் இரண்டு கறுப்புப் பட்டை, மஞ்சள் வால், முதுகிலிருந்து ரிப்பன் போல நீண்ட வெள்ளை இழை. என் கை தானாகச் சட்டைப் பையில் பேனாவைத் தேடியது. சட்டையே போட்டிருக்கவில்லை.

படகுக்காரர் செல்வத்திடம் அதன் பெயரைக் கேட்டேன்.

"விக்காத மீனுக்குப் பேரு எதுக்கு சார்? ஒண்ணுதான் பாத்தீங்களா? அது ஜோடியாத்தான் திரியும். இன்னொண்ணு பாருக்கு அடியில நின்னுருக்கும்."

"நாளைக்கு வரலாமா?"

"வாங்க. மழை மட்டும் வரக்கூடாது. ஆத்துத் தண்ணி வந்து விழுந்துச்சுன்னா தை வரைக்கும் கலங்கல்தான்."

அறைக்கு வந்த பிறகும் அந்த இன்னொரு மீன் மனதை விட்டுப் போகவில்லை.

ஏழு மணிக்குத் திருத்துறைப்பூண்டியிலிருந்து தம்பி கூப்பிட்டான். எங்கள் நிலத்தில் சம்பா விதைத்துவிட்டு இருபது நாளாக மழைக்குக் காத்திருக்கிறான்.

"அண்ணே, நல்லா கருத்திருக்கு. இன்னைக்குப் பெஞ்சிடும்."

"பெய்யட்டும்டா" என்றேன். இன்னும் ஒரே ஒரு நாள் பொறுக்கக் கூடாதா என்றுதான் நினைத்தேன். விதைத்த வயலுக்கு மழை வேண்டாமென்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை.

தகரக் கூரையில் சத்தம் தொடங்கிவிட்டது. தம்பி இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவான்.