மட்கார்டில் நாற்பத்திரண்டு துளைகள்

அக்டோபர் 15, திங்கள்

விடியலில் தூறல். பத்து மணிக்கு வெயில். மறுபடி தூறல். கொடியில் துணி போட்டது, எடுத்தது, போட்டது: மூன்று முறை.

தபாலில் உத்தரவு வந்துவிட்டது. திருமலைராயன்பட்டினம் பெண்கள் பள்ளி, ஆங்கில ஆசிரியை. அடுத்த திங்கள் காலை ஒன்பதுக்குள் சேர வேண்டும். இரண்டு தடவை படித்தேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு மூன்றாம் தடவை.

நாற்பத்துமூன்று வயதில் முதல் உத்தியோகம். திருச்சியில் வாங்கிய பி.ஏ. இருபது வருடமாகப் பெட்டியில் அந்துருண்டையோடு கிடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இருந்தவரை இந்த ஊரில் இங்கிலீஷ் யாருக்கு வேண்டும்? அவர்கள் போய் இரண்டு வருடம். இப்போது எல்லோருக்கும் வேண்டும். என் வீட்டுக்காரருக்கும்தான். சர்க்கார் ஆபீசில் இருபத்தாறு வருடம் பிரெஞ்சில் எழுதியவர், இப்போது சாயங்காலமானால் என் எதிரே உட்கார்ந்து டிக்டேஷன்.

உத்தரவின் அடியில் தலைமையாசிரியை தன் கையால் எழுதியிருக்கிறார்: மழைக்காலத்தில் காரைக்காலிலிருந்து நேரத்துக்கு வர வழியில்லையென்றால் இப்போதே தெரிவிக்கவும், உள்ளூரிலேயே ஒருவர் இருக்கிறார். நியாயம்தான். முதல் பஸ் அங்கே போய்ச் சேரப் பத்து மணி. மாட்டுவண்டி என்றால் முதல் நாளே கிளம்ப வேண்டும்.

ஆகவே சைக்கிள். கல்யாணத்துக்கு முன் அண்ணனுடையதை ஓட்டியிருக்கிறேன். இவரிடம் சொன்னதும், “நான் கொண்டாந்து விடலாம்னா எனக்கு ஓட்டத் தெரியாதே, கமலம்” என்றார். உண்மையான வருத்தம்.

ஒரு பிரெஞ்சு அதிகாரியின் மனைவி ஊரைவிட்டுப் போகும்போது விற்ற பெண்கள் சைக்கிள் ஒன்று, “நல்ல இரும்பு” என்று இவர் வாங்கிப்போட்டது, கொல்லையில் இருக்கிறது. மேலே விறகு. இறக்கிப் பார்த்தேன்.

பிரேக்: இருக்கிறது.
மணி: அடிக்கிறது, அடிக்காமலே.
முன் மட்கார்டு: பரவாயில்லை.
பின் மட்கார்டு: தாங்குகிற கம்பி ஒரு பக்கம் துருப்பிடித்து முறிவு. தகட்டின் இரண்டு ஓரத்திலும் வரிசையாகச் சின்னத் துளைகள். பக்கத்துக்கு இருபத்தொன்று. ஏன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 16, செவ்வாய்

மழை இல்லை, தெரு முழுக்கத் தண்ணீர்.

காதர் பாய் கடை. கடற்கரைப் பக்கத்து சைக்கிள்கள் எல்லாம் கடைசியில் இவரிடம்தான் வருகின்றன. முறிந்த கம்பியைக் கையில் வைத்து உடைத்துக் காட்டினார், முறுக்கு மாதிரி. “உப்புக் காத்து டீச்சரம்மா. மனுசன் தின்னாத்தான் கேப்போம், காத்து தின்னா யார்ட்ட போய்க் கேக்குறது?”

“இன்னும் டீச்சர் ஆகலையே.”

“ஆயிருவீங்க, இன்ஷா அல்லா. நானும் சொல்லிப் பழகிக்கிறேன்.”

புதுக்கம்பி போட்டார். நட்டுக்கு அடியில் பழைய டியூபை வட்டமாக வெட்டி வைத்தார். ஆட்டம் நிற்கும், கடகடக்காது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் போய்வர வேண்டும் என்று தன் விரலை விட்டுக் காட்டினார். என் விரலையும் விடச் சொன்னார். போய்வந்தது.

வீட்டுத் தெருவில் ஒரு சுற்று. இருபது வருடம் கழித்தும் உடம்பு மறக்கவில்லை. மனசுதான் நடுங்கியது. இறங்கியதும் தையல்நாயகி (என் வீட்டுக்காரரின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள்) என் பின்பக்கம் வந்து நின்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். துளை வழியாகச் சேறு பீச்சி, வெளிர்நீலப் புடவையில் இரண்டு பக்கமும் வரிசையாகப் புள்ளி.

“அண்ணி, கோலத்துக்குப் புள்ளி வச்சாச்சு. இழுத்துவிடுறதுதான் பாக்கி.”

சிரித்தேன். ஆனால் வகுப்பில் முதுகைக் காட்டிக் கரும்பலகையில் எழுத வேண்டியவள் நான். துளைகளை அடைத்துவிட வேண்டும்.

அக்டோபர் 17, புதன்

வெயில், நம்ப முடியாத அளவுக்கு.

மட்கார்டைக் கழற்றிக் கா. பாயிடம் கொடுத்தேன். “தண்ணி வடியப் போட்ட ஓட்டையா இருக்குமோ?” என்றார். “வடியுற தண்ணி என் மேலேதான் வடியுது, அடைச்சுடுங்க” என்றேன்.

காலையிலிருந்து மத்தியானம்வரை குனிந்த தலை நிமிரவில்லையாம். ஒவ்வொரு துளையிலும் ஈயம் வைத்து, அரத்தால் தேய்த்து, கறுப்பு பெயின்ட். தடவிப் பார்த்தால் துளை இருந்த இடமே தெரியவில்லை. “எண்ணிப் பாருங்க, நாப்பத்திரண்டு. ஒண்ணு விட்டிருந்தா கடையச் சாத்திடுறேன்.”

மாட்டுகிறேன் என்றார். நானே மாட்டிக்கொள்கிறேன் என்று வாங்கி வந்தேன். வழியில் நின்றுபோனால் எனக்குத் தெரிய வேண்டும் அல்லவா. ஸ்பானர் இரவல்.

மேல் போல்ட்டு முதலில், இறுக்காமல். பிறகு இரண்டு பக்கக் கம்பி. பிறகு சக்கரத்தைச் சுற்றவிட்டு, எங்கே உரசுகிறது என்று காதால் கேட்டு, நகர்த்தி, இறுக்கம். ஒரு பக்கம் சரியானால் மறு பக்கம் உரசல். முக்கால் மணி நேரம் வேறு எந்த நினைப்பும் இல்லை. இப்படி ஒன்றுமே நினைக்காமல் இருந்து எவ்வளவு நாளாயிற்று! டிக்டேஷனுக்கு வந்த இவர், மசிக்கு பதில் கிரீஸ் பூசிய வாத்தியாரைப் பார்த்துவிட்டு, “போன்ஸ்வார், மாதாம்” என்று பிரெஞ்சில் ஒரு மாலை வணக்கம் சொல்லித் திரும்பிப் போய்விட்டார். பாடத்திலிருந்து தப்பிய சந்தோஷம்.

அக்டோபர் 18, வியாழன்

மேகம். தெற்குச் சாலையில் ஒத்திகை.

விழுந்துவிட்டேன்.

அரசலாற்றுப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம். காற்று ஒரு வீசு வீசியது. முந்தானையைத்தான் இடுப்பில் செருகியிருந்தேன். கீழ்க் கொசுவம் பறந்து பின்சக்கரத்துக்குள் போய்விட்டது. ஒரு சுற்றில் புடவை கம்பிகளில் சுருண்டு, மட்கார்டுக்குள் திணிந்து, வண்டி நின்றது. நான் நிற்கவில்லை.

எழுந்திருக்கவும் முடியவில்லை. எழுந்தால் புடவை சைக்கிளோடு நின்றுவிடும். அப்படியே வண்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காரைக்கால்மேட்டு மீன்காரி ஒருத்தி, கூடையோடு வந்தவள், இறக்கி வைத்துவிட்டு என்னையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“யம்மா, இது வண்டில மாட்டுன சேலையா, சேலைல மாட்டுன வண்டியா?”

“எதுவா இருந்தா என்ன, எடுத்துவிடுங்க.”

“எடுக்க முடியாது. அறுக்கத்தான் முடியும். அறுக்கவா?”

மீன் அரியும் கத்தி. ஒரு முழம் போயிற்று. பெயர் செல்லாயி. சாலையில் யாராவது வந்தால் மறைக்கக் கூடையை என் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு வந்ததே!

முழங்காலில் சிராய்ப்பு. மட்கார்டு ஒரு பக்கம் உள்ளே அமுங்கி டயரைப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரத்தைத் தூக்கியபடியே வீடுவரை உருட்டி வந்தேன். என்ன ஆயிற்று என்று இவர் கேட்டதற்கு, “கடையில வேலை சரியா செய்யல” என்றேன்.

அக்டோபர் 19, வெள்ளி

மழை. முழங்காலில் மஞ்சள் பற்று.

இவர் என் எதிரே வந்து உட்கார்ந்து: “தலைமையாசிரியைக்கு ஒரு வரி எழுதிடலாமா, கமலம்? அந்த உள்ளூர் அம்மாவுக்கும் வேலை வேணும்தானே.” குரலில் அதட்டல் இல்லை. அதனால்தான் கஷ்டம். அதட்டினால் எதிர்த்துச் சொல்லிவிடலாம். “சாயங்காலம்வரை பொறுங்க” என்றேன். எதற்காகச் சாயங்காலம் என்று எனக்கே தெரியாது.

நேற்றுச் சொன்னது பொய். கடைவேலையில் ஒரு குறையும் இல்லை. குறை புடவையிலும் காற்றிலும். ஐம்பது நாள் மழை ஓயும்வரை இந்தக் காற்று ஓயாது. தூக்கிச் செருகலாம், கெண்டைக்கால் தெரிய டீச்சர் வந்து இறங்கினால் பட்டினம் முழுவதும் பேசும். அந்த உத்தரவை எடுத்து மறுபடி படித்தேன். வேண்டாம் என்று எழுதினால், அடுத்து யார் என்னைக் கேட்கப்போகிறார்கள்? பெட்டிக்குப் புது அந்துருண்டை வாங்க வேண்டியதுதான்.

பதினொரு மணிக்கு வாசலில் குரல். “யம்மா, கால் எப்புடி இருக்கு?” செல்லாயி. கிழங்கான் மீன் கொண்டுவந்திருந்தாள். தையல்நாயகி வாங்கிக்கொண்டிருந்தபோது அவள் கண் சுவரில் சாய்த்திருந்த சைக்கிளில் நின்றது. கழுவிவிட்டிருந்தேன், நேற்றைய சேறு இல்லை.

“இது அந்த பிரான்சு தொரசாணி வண்டியில்ல? வலை எங்க?”

“எந்த வலை?”

“சக்கரத்துக்கு வலை கட்டியிருக்குமே, ரெண்டு பக்கமும். அது பாவாடை உள்ள போகாம இருக்க. அந்தப் பிஞ்ச வலையக் கொண்டாந்து எங்க வீட்டுக்காரர்ட்டதான் ரெண்டு தரம் முடிஞ்சு வாங்கிட்டுப் போனாங்க. மீன் புடிக்கிற வலைய வண்டிக்கு முடியச் சொல்றாங்களேன்னு கரையே சிரிச்சுது.” கிட்டே போய் மட்கார்டைத் தடவினாள். “ஓரத்துல வரிசையா ஓட்டை இருக்கும், நூல் கோக்க. எங்க அதெல்லாம்?”

நான் தையல்நாயகியைப் பார்த்தேன். அவள் மீனைப் பார்த்தாள். பிறகு இருவருக்கும் சிரிப்பு. அடக்க முடியவில்லை. முழங்கால் வலி வேறு. பாவம் செல்லாயி, அவளும் சேர்ந்து சிரித்தாள், எதற்கென்று தெரியாமல்.

சாயங்காலம் இவரிடம்: “எழுத வேண்டாம்.” கடைமேல் போட்ட பழியையும் திருப்பி எடுத்துக்கொண்டேன். “ஓட்டையை அடைக்கச் சொன்னது நான்தான்.” இவர் கொஞ்சம் யோசித்து, “டிக்டேஷன்ல என் தப்பையும் இதே மாதிரி உன்னோடதுன்னு நீயே ஒத்துக்கிட்டா நல்லா இருக்கும்” என்றார்.

அக்டோபர் 20, சனி

தூறல். கா. பாய் கடை திறந்ததும் முதல் ஆள் நான்.

சொன்னேன். மட்கார்டை மடியில் வைத்துக்கொண்டார், தூங்கும் குழந்தை மாதிரி.

“நாப்பத்திரண்டு, டீச்சரம்மா.”

“தெரியும் பாய்.”

“முதுகு இன்னும் நிமிரல. அடைச்ச கையாலேயே தொறக்கச் சொல்றீங்களே, இது அடுக்குமா?”

“தப்பு என்னோடது. வரிசையா, சமமா இருக்கே, காரணம் இல்லாம யாராவது போடுவாங்களான்னு யோசிச்சிருக்கணும்.”

“நான் யோசிச்சேனே! தண்ணி வடியன்னு.” சிரித்துவிட்டார். “ரெண்டு பேரும் சேர்ந்துதான் யோசிச்சிருக்கோம். சரி, தொறக்குறேன். ஒரு சமாதானம், நான் அடைச்சது ஒண்ணும் லேசுல தொறக்காது, பாருங்க.”

திறக்கவில்லைதான். இரும்பைக் காய்ச்சி ஒவ்வொன்றிலும் வைத்து ஈயத்தை உருக்கி உதிர்த்தார். பெயின்ட் கருகி நாற்றம். ஈயம் உதிர்ந்த துளைகளை ஆணியால் குத்திச் சுத்தம் செய்தது நான். அமுங்கிய இடத்துக்கு மணல்மூட்டை. அதன்மேல் தகட்டை மல்லாத்தி மரச்சுத்தியால் உள்பக்கமிருந்து தட்டு. ஓங்கி ஒன்று போட்டால் வேறு இடத்தில் புடைக்கும், சின்னச் சின்னதாக நூறு போட வேண்டும் என்றார். அச்சுக்குப் பக்கத்தில் நூலை இழுத்துக் கட்ட, கம்பியை வளைத்து அரைவட்டமாக ஒரு கொக்கி. அது அவர் யோசனை. எவ்வளவு ஆயிற்று என்றதற்கு, “அந்த வலை எப்புடி இருக்குன்னு கொண்டாந்து காட்டுங்க, அது போதும்.”

கடையை விட்டு வரும்போது பார்த்தேன்: அவர் விரலில் சூட்டுக் கொப்புளம் இரண்டு. என்னிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 21, ஞாயிறு

மழை ஓய்வு. கடல் பழுப்பு நிறம்.

காரைக்கால்மேடு. படகுகள் கரையேறியிருந்தன, காற்று சரியில்லையாம். செல்லாயியின் வீட்டுக்காரர் குறைவாகப் பேசுகிறவர். மட்கார்டைப் பார்த்து, “ஓட்டையச் சுட்டிருக்கீங்க” என்று மட்டும் சொன்னார். சாயம் ஏற்றிய பருத்தி நூல், மூங்கில் ஊசி. துளையில் கோத்து, கொக்கியில் இழுத்து, மறு துளை. விசிறி மடிப்பு மாதிரி விரிந்து வந்தது. குறுக்கே கண்ணி கண்ணியாக முடிச்சு. ஒரு பக்கம் முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

சுற்றி எட்டுப் பத்து பெண்கள்.

“சக்கரத்துக்கே தாவணி போட்டாச்சு.”

“ஏன்டி, சமைஞ்சிருச்சோ என்னமோ!”

“யம்மா, பட்டினம் போற வழியில எறால் கெடச்சா எங்களுக்கும் போடுங்க.”

ஈர மணலில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். வேண்டுமென்றே கொசுவத்தைத் தளர்த்திவிட்டு, காற்றுக்கு எதிரே போய், திரும்பி வந்தேன். புடவை வலையில் மோதி மோதித் திரும்பியது. உள்ளே போகவில்லை. சேறு மட்டும் கொஞ்சம், வலை பிடித்துக்கொண்டது. கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கியது. கடற்காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

வலையில் மீன் வாசனை இருக்கிறது. தையல்நாயகி மோந்து பார்த்து, “பூனை ஒண்ணு பின்னாலயே பள்ளிக்கூடத்துக்கு வரும், அண்ணி” என்கிறாள்.

நாளைக்கு: ஸ்பானர், இரண்டு நட்டு, டியூப் துண்டு, துண்டு ஒன்று, பேனா. உத்தரவு.

அக்டோபர் 22, திங்கள்

மூன்றாம் பீரியட். எனக்கு ஓய்வு. பள்ளியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏழரைக்குக் கிளம்பினேன். மழை. இவர் குடையோடு தெருமுனைவரை கூடவே ஓடி வந்தார், குடை எனக்கும் இல்லாமல் அவருக்கும் இல்லாமல். பாதி வழியில் உரசல் சத்தம். மரத்தடியில் நிறுத்தினேன், இடது கம்பியின் நட்டு தளர்ந்திருந்தது. இறுக்கி, விரலை விட்டுப் பார்த்து, மறுபடி ஏறினேன். பட்டினத்துக் கடைத்தெருவில் ஒருவர் இன்னொருவரிடம், “சக்கரத்துல என்ன ஓய், பெட்டிக்கோட்டா?” காது கேட்காதவள் மாதிரி மிதித்தேன்.

தலைமையாசிரியை வராந்தாவில். என் பின்பக்கம் ஒரு பார்வை, சேறு இருக்கிறதா என்று. இல்லை. “யார் கொண்டாந்து விட்டாங்க?” என்றார். சைக்கிளைக் காட்டினேன்.

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபோது விரலிலிருந்த எண்ணெய் பெயருக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு வட்டம். மன்னிக்கச் சொன்னேன். அவர் வட்டத்தைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நேரத்துக்கான கட்டத்தில் தானே 8.48 என்று எழுதினார். “கிணறு பின்னால இருக்குங்க. கையக் கழுவிட்டு ஆறாம் வகுப்புக்குப் போங்க.”

முப்பத்திரண்டு பெண்கள். ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்திருக்கிறார்கள். முதல் வரிசையில் ஒருத்தி, எழுந்து நின்று: “டீச்சர், அந்த வலையில என்ன புடிப்பீங்க?”

“இங்கிலீஷ்ல கேளு, சொல்றேன்.”

இப்போது சைக்கிள் பக்கத்தில் நான்கைந்து தலைகள். தண்ணீர் குடிக்க வந்தவர்களாம். அந்தக் கேள்விக்கு இங்கிலீஷ் தேடுகிறார்கள்: வாட் கிடைத்துவிட்டது. யூ கிடைத்துவிட்டது. நடுவில் என்ன வரும் என்று சண்டை. ஒருத்தி வலையைத் தொட்டபடியே வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறாள். கிட்டத்தட்ட வந்துவிட்டது, இன்னும் ஒரே ஒரு வார்த்தை

மணி அடித்துவிட்டது.