ஜன்னலில் இல்லாத கேதுரு

என் செல்ல மகளுக்கு,

பிரான்சிலிருந்து போன லீவுக்கு வந்தபோது நீ கொடுத்த விதையில் முளைத்த கேதுரு இன்னும் உயிரோடு இருக்கிறது. காரைக்கால் வெயிலில் நுனி கருகுகிறது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும் என்று மாப்பிள்ளை சொன்னதால் மணல் கலந்து நிழலில் வைத்திருக்கிறேன்.

கோயிலில் பைபிள் வாசகத்தில் மட்டும் கேட்டிருந்த மரத்தை உங்கள் வீட்டு ஜன்னல் வழியாகக் காட்டி, அடையாளம் சொன்னவரும் அவர்தான். ஊசி இலைகள் கொத்துக்கொத்தாக இருக்கும், காய் கிளைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். நீ வீடியோவில் பேசும்போதெல்லாம் உன் பின்னால் அதைத்தான் பார்ப்பேன்.

ஒரு மாதமாக அங்கே வேறு மரம் தெரிகிறது. இலை விசிறி போலத் தட்டையாக இருக்கிறது. கேட்டால், "அதே மரந்தாம்மா, வீட்லதான் இருக்கேன்" என்கிறாய். என் பேத்தி ஏன் அவ்வளவு மெதுவாகப் பேசுகிறாள்?

அப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்கு எந்த மரத்தைப் பார்த்தாலும் நம் கோட்டுச்சேரிமேட்டுச் சவுக்குதான். "மாப்பிள்ளைய ஏன் கண்ணுலயே காணோம்?" என்று மட்டும் கேட்கிறார். வேலைக்குப் போயிருப்பார் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கேதுருவை இளசிலேயே, வேர்மண் உதிராமல் எடுத்தால் வேறு இடத்திலும் பிடித்துக்கொள்ளுமாம். மாடி அறையைக் கழுவிவிட்டுக் கொசுவலை கட்டியிருக்கிறேன். சும்மாதான்.

இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பலாம் என்றால், எந்த வீடு என்று எனக்குத் தெரியவில்லையே, கண்ணு.

தினமும் மாதாவிடம் உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்,
அம்மா