ஐஸ் பேக்டரி சுருதி

சிதம்பரம்,
ஆகஸ்டு 18

அன்புள்ள வதூது,

நான் நலம். உன் நலத்தைப் பிறகு கேட்கிறேன்; முதலில் என் கோபத்தை இறக்கி வைக்க வேண்டும். போனில் பேசினால் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

'உப்பனாறு' என்று குழுவுக்குப் பெயர் வைத்து நாம் சேர்ந்து ராக் இசை பாடிப் பதிந்த மூன்று கேசட்டுகளையும், அப்புறம் நான் தனியாகப் பதிந்த நான்கையும் ஒரே தொகுப்பாக வெளியிடப் போவதாகச் சொல்லி உன் மகன் நவ்ஷாத் கேட்டான். அனுப்பினேன். போன வாரம் கோலாலம்பூரிலிருந்து அவன் திருப்பி அனுப்பியதைக் கேட்டேன். தனிப் பதிவுகளில் என் பேஸ் கிட்டாரையும் குரலையும் கம்ப்யூட்டரில் போட்டுச் சுருதியை ஏற்றியிருக்கிறான். என் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ பாடுவது போல இருந்தது. "மாமா, உங்க சுருதி எதுலயும் சேரல, லேசா சரி பண்ணியிருக்கேன்" என்று ஒரு குறிப்பு வேறு.

சேராதுதான். ஏன் என்று உனக்குத் தெரியும். அவனுக்கு நீ சொல்லவில்லை. கடலூர் ஓல்டு டவுனில் ஐஸ் பேக்டரியின் பின்னறையில்தானே வாசித்துப் பழகினோம். எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சுருதிக்கு எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல், ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் ரீங்காரத்துக்கே தடித்த கம்பியைச் சேர்த்தேன். அது தாழ்ந்த சுருதி என்று முதல் நாளே கண்டுபிடித்தவன் நீ. "மச்சான், ஊருக்கெல்லாம் ஒரு சுருதி, உனக்கு மட்டும் மீனுக்கு ஐஸ் போடற சுருதியா? சரி, நான் எறங்கறேன், போ" என்று உன் ஆறு கம்பிகளையும் தளர்த்தினாய். அதற்கப்புறம் எனக்காக ஒருவரும் ஒரு கம்பியைக்கூடத் தளர்த்தியதில்லை. சேர்ந்து வாசிக்க வந்த நாலைந்து பேரும், "பெரியவரே, நீங்கதான் மாத்திக்கணும்" என்றார்கள். நான் மாற்றவில்லை. அவர்கள் மறுபடி வரவில்லை.

மூன்றாவது கேசட்டில் சென்னை ஸ்டூடியோக்காரர்கள் என் பேஸைக் காதில் விழாத அளவுக்குக் குறைத்தார்கள். நீ வாயைத் திறக்கவில்லை. மறுமாதம் கோலாலம்பூருக்கு விமானம் ஏறிவிட்டாய். அன்று சத்தத்தைக் குறைத்தீர்கள், இன்று சுருதியை ஏற்றுகிறீர்கள். இருக்கிறபடி என்னை விடலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. முப்பத்தைந்து வருடமாக வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

என் தனிப் பதிவுகளைப் பற்றி நீ ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டுக்காரி சந்திரலேகா போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் குக்கர் விசில்கூடக் கிடையாது; பதிவுக்கு அது ஒரு வசதி. தெற்கு வீதி ஹார்ன் கேட்காமலிருக்க ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து வைத்துக்கொண்டு பாடுகிறேன். பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள் மட்டும் ஒருமுறை கேட்டார்: "இன்னா சார், பாட்டு நடுவுல நடுவுல நின்னு போவுது, மிஷின் ரிப்பேரா?"

நிற்கவில்லை. அவை நீ வாசிக்க வேண்டிய இடங்கள். நான்கு பதிவிலும் விட்டு வைத்திருக்கிறேன்.

அந்த இடங்களை நவ்ஷாத் கிட்டாரால் நிரப்பியிருந்தான். கேட்டவுடனே தெரிந்தது, அது உன் கை இல்லை. நீ ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் சோம்பேறித்தனமாக, கொஞ்சம் தாமதித்தே வந்து சேருவாய். இது சரியான நேரத்துக்கு வந்தது. அவனைப் போனில் கூப்பிட்டுத் திட்டினேன். "நோன்புப் பெருநாளுக்கு முன்னாடியிலேர்ந்து அத்தாவுக்கு இடது கை எழும்பல மாமா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாங்க" என்றான்.

சொல்லாமல் இருந்தது உன் திமிர். அதைப் பற்றி மேற்கொண்டு எழுத மாட்டேன்.

நான்காம் பதிவின் கடைசிப் பாட்டை நேற்று மாற்றிப் பதிந்து, இதோடு அனுப்புகிறேன். கிட்டாருக்கு விட்ட இடத்தை நீட்டியிருக்கிறேன். அதில் விரல் வைத்து அழுத்த வேண்டிய ஸ்வரம் ஒன்றுகூடக் கிடையாது. எந்தக் கம்பியை எந்த ஸ்வரத்துக்கு வைப்பது என்று இந்தக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நவ்ஷாத் கம்பிகளைச் சேர்த்துக் கொடுக்கட்டும்; என் சுருதிக்கு, அவன் மிஷின் சுருதிக்கு அல்ல. கிட்டாரை மடியில் கிடத்தி, வெறும் கம்பியைத் தட்டினாலே பாட்டு வரும். வலது கை போதும். தாமதமானாலும் பரவாயில்லை. நீ வரும்வரை என் பேஸ் ஒரே ஸ்வரத்தில் ஓடிக்கொண்டிருக்கும், அந்த மோட்டார் மாதிரி.

நீ வாசித்து அனுப்பினால் ஏழு கேசட்டையும் வெளியிடச் சம்மதம், சுருதியைத் தொடாமல். இல்லையென்றால் என் பெயரையே எடுத்துவிடச் சொல். இதில் பேரம் கிடையாது.

உன் கையை ஆண்டவன் பார்த்துக்கொள்ளட்டும். மெத்தையை ஜன்னலிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை எறங்கி வா, மச்சான்.

கொஞ்சமும் மாறாத,
ராமாமிர்தம்