கரகரப்பு எங்கிருந்து வருகிறது

மார்ச் 3, செவ்வாய்
அவள் போய் இன்றோடு நாற்பத்தோரு நாள். ஆபீஸ் போனேன், வந்தேன்.
மச்சினி போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மாமனாரோடு வந்து அக்காவின் காரை எடுத்துப்போகிறாளாம். நீயே வச்சுக்கோ என்று நான்தான் சொன்னேனாம். சொல்லியிருப்பேன்.
"கார் ரேடியோ கரகரப்பு சரியாயிடுச்சா அத்தான்? அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. ஊர் மெஷினெல்லாம் பார்ப்பாரு, என் ரேடியோவுக்கு மட்டும் ஞாயித்துக்கெழமையே வராதுன்னு..." சிரிக்க ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்று எத்தனை ஞாயிறு சொல்லியிருப்பேன்? கார் போவதற்குள் இதையாவது செய்ய வேண்டும்.

மார்ச் 4
வேலை முடிந்து பார்க்கிங்கில் ஒரு மணி நேரம். இன்ஜின் ஓடினாலும் கரகர. நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் திருப்பி வைத்தாலும் அதே கரகர. ஆக, இன்ஜின் பக்கம் இல்லை.
கியர் பக்கத்துக் குழியில் அவள் ஹேர்கிளிப். எடுக்கவில்லை.

மார்ச் 5
ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். வைப்பர், விசிறி, விளக்கு, ஹாரன். சத்தம் அசையவில்லை. ரேடியோ ஃபியூஸை மட்டும் விட்டுவிட்டேன். அதை எடுத்தால் ரேடியோவே செத்துவிடும், அப்புறம் எதைக் கேட்பது.
செத்துவிடும் என்று எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தவில்லை.

மார்ச் 6
கார் எலக்ட்ரீஷியனிடம் போனேன். வண்டியைப் பார்த்ததுமே, "என்ன சார், மேடம் வரலையா?" என்றார்.
சொன்னேன். காய்ச்சல், ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.
பிறகு சொன்னார்: "இந்தச் சத்தத்துக்கு அவங்க ஏற்கெனவே வந்தாங்க சார். பத்து நிமிஷத்துல காட்டிட்டேன். கழட்டட்டுமான்னு கேட்டா, தொடாதீங்க, அவரே கண்டுபிடிக்கட்டும்னாங்க. நீங்க வாயத் திறந்தீங்க, இந்தக் கடைப்பக்கமே வர மாட்டேன்னு ஒரே மிரட்டல்."
ஸ்க்ரூடிரைவரை மறுபடி கையில் எடுத்தார்.
"இப்ப சொல்லிடட்டுமா சார்?"
வேண்டாம் என்று வந்துவிட்டேன்.
தெரிஞ்சுமா? தெரிஞ்சுகிட்டேவா வாரா வாரம் எங்கிட்ட கேட்டே?

மார்ச் 7
ஒன்றும் ஓடவில்லை.

மார்ச் 8, ஞாயிறு
மாலை அவர்கள் வருவதாகப் பேச்சு.
காலையில் பேட்டரி போட்ட குட்டி ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு காருக்குள் அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். இடது பக்கம், டேஷ்போர்டு அறைக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் கத்தியது. இப்போது கார் ரேடியோவின் ஃபியூஸைப் பிடுங்கினேன். கையிலிருந்த ரேடியோ பளிச்சென்று பேசியது.
அந்த அறையைக் கழற்றினேன். பின்னால் கறுப்பு டேப் சுற்றிய சின்னப் பெட்டி.
என்னுடையது. அவள் போன் சார்ஜ் ஏற்ற நான் செய்து கொடுத்தது. ரேடியோவின் வயரிலிருந்தே கரண்ட் எடுத்திருந்தேன். இரண்டு வருஷம் ஆகிறது, சுத்தமாக மறந்துபோச்சு. கம்பெனிக்காரன் போட்ட அத்தனையையும் சந்தேகப்பட்டேன். நான் போட்டதை...
பெட்டி மேல் ஒரு துண்டு வெள்ளை டேப். என் கையெழுத்து: "காயில் கையில் இல்லை. பிறகு." இரைச்சலை அடக்குகிற காயில் அது.
அதன் கீழே நீல மையில், அவளுடைய சாய்ந்த எழுத்து: "எப்போங்க?"

ஏங்க கேக்கல, ஏங்க பாக்கலன்னு ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே. டேஷ்போர்டுல தலைய வச்சுகிட்டு அப்படி ஒரு சத்தம் எங்கிட்டேர்ந்து. இத்தனை நாள்ல முதல் தடவை. பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியைத் தட்டி, "என்ன தம்பி, என்ன ஆச்சு?" என்றார்.
"ரேடியோ சார்" என்றேன்.

மேஜை டிராயரில் மூணு காயில் இருந்தது. வாங்கி வைத்து எத்தனை நாளோ. வைத்துப் பற்றவைக்க இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

ஐந்து மணிக்கு வந்தார்கள். மச்சினி ரேடியோவைப் போட்டாள். செய்தி வாசிப்பவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.
"எப்படி அத்தான்? என்னதான் இருந்துச்சு?"
"ஒரு காயில் விட்டுப்போச்சு" என்றேன். மாமனார் என் தோளில் கை வைத்தார். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றேன்.

டேப்பை மட்டும் உரித்து இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அவள் கேள்விக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. இன்றைய தேதியை எழுதினேன்.